தணிக்கை மேசையிலிருந்து சாட்சிக் கூண்டுக்கு

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் டிக்சன் என்று ஒரு சிறு நகரம் இருக்கிறது. மக்கள்தொகை ஏறத்தாழ 16,000. ரொனால்ட் ரீகன் சிறுவனாக வளர்ந்த ஊர் என்பதைத் தவிர வெளியூர்க்காரர்களிடம் சொல்லிக்கொள்ள அங்கே அதிகம் இல்லை. 2012 ஏப்ரலில் அந்த ஊரின் பெயர் வேறொரு காரணத்துக்காக நாடு முழுவதும் அடிபட்டது. நகராட்சியின் நிதிப் பொறுப்பை 1983 முதல் கவனித்துவந்த ரீட்டா கிரண்ட்வெல் என்ற பெண்மணியை எஃப்பிஐ கைது செய்தது. 1990 டிசம்பரில் தொடங்கி அவர் கையாடிய தொகை 5 கோடியே 37 லட்சம் டாலர். நகராட்சியிடம் பணமில்லை, செலவைக் குறைத்தாக வேண்டும் என்று கூட்டங்களில் கைவிரித்தவரும் அவரேதான். ஊர்ப் பணத்தில் அவர் வளர்த்த போட்டிக் குதிரைகள் சுமார் 400.

தணிக்கை வேலையை விட்டு, அரசின் புலனாய்வு அமைப்புகளில் பணத்தின் தடம் தேடும் 'தடயக் கணக்காளர்' ஆக நினைப்பவர்கள் இந்தக் கதையிலிருந்து தொடங்கலாம். கணக்குப் படித்தவர்களை இதில் உறுத்துவது குதிரைகள் அல்ல. அந்த 20 ஆண்டுக்கும் மேலான காலம் முழுவதும் நகராட்சியின் கணக்குகள் முறையாகத் தணிக்கை செய்யப்பட்டன. ஒவ்வோர் ஆண்டும் அறிக்கை வந்தது. ஒன்றிலும் இந்தக் கையாடல் இல்லை.

அவர் செய்த வித்தை மிக எளியது. நகராட்சியின் பெயரிலேயே யாருக்கும் தெரியாமல் ஒரு வங்கிக் கணக்கைத் திறந்தார். மாநில அரசு ஏதோ பணிக்காகப் பணம் கேட்டதுபோலப் போலிப் பட்டியல்களைத் தயாரித்தார். நகராட்சியின் உண்மையான கணக்கிலிருந்து 'டிரெஷரர்' என்று மட்டும் பெயரிட்டுக் காசோலை எழுதினார். அதைத் தன் ரகசியக் கணக்கில் போட்டார். தணிக்கைக்கு வந்தவர் கண்முன்னே பட்டியல் இருந்தது, காசோலை இருந்தது, பேரேட்டில் பதிவும் இருந்தது. மூன்றிலும் ஒரே தொகை. அப்படிப்பட்ட வவுச்சருக்கு ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவதுதான் தணிக்கையாளரின் அன்றாடம். காசோலையின் முன்பக்கம் எல்லாம் சரியாகவே இருந்தது. பின்பக்கத்தைத் திருப்பி, இது எந்தக் கணக்கில் வரவாகியிருக்கிறது என்று கேட்டவர் யாரும் இல்லை.

கண்டுபிடித்தவர் கணக்காளர்கூட அல்லர். 2011 இலையுதிர் காலத்தில் கிரண்ட்வெல் நீண்ட விடுப்பில் போயிருந்தபோது, மாத அறிக்கை தயாரிப்பதற்காக நகராட்சி எழுத்தர் வங்கியிடம் எல்லாக் கணக்குகளின் அறிக்கைகளையும் கேட்டு வாங்கினார். அவற்றில் ஒன்று அவர் கேள்விப்பட்டிராத கணக்கு. மேயரிடம் சொன்னார். மேயர் எஃப்பிஐயிடம் போனார். அடுத்த சில மாதங்கள் அந்த இருவரும் ஒன்றும் தெரியாதவர்களைப் போல அதே அலுவலகத்தில் கிரண்ட்வெல்லுடன் வேலை பார்த்தார்கள். எஃப்பிஐ வங்கி ஆவணங்களை ஒவ்வொன்றாகச் சேகரித்துக்கொண்டிருந்தது. பின்னாளில் நகராட்சி தொடுத்த வழக்கைச் சமரசமாக முடித்துக்கொள்ளத் தணிக்கை நிறுவனமான கிளிஃப்டன் லார்சன் ஆலன் மட்டும் 3 கோடியே 51 லட்சம் டாலருக்கும் மேல் தர வேண்டியிருந்தது. வங்கியும் தன் பங்குக்கு 38.5 லட்சம் டாலர் கொடுத்தது.

டிக்சன் விதிவிலக்கு இல்லை. மோசடி ஆய்வாளர்களுக்கான சங்கம் (ஏசிஎஃப்இ) உலகெங்கும் ஆராய்ந்த சுமார் 1,900 வழக்குகளை வைத்து 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பணியிட மோசடிகளில் 43 சதவீதம் யாரோ ஒருவர் காதில் போட்ட தகவலால் வெளிவந்தவை. வெளித் தணிக்கையால் வெளிவந்தவை வெறும் 3 சதவீதம். தணிக்கையாளர்கள் சோம்பேறிகள் என்று இதற்குப் பொருளில்லை. அவர்கள் தேடிப் போவதே வேறு.

அமெரிக்காவின் பெரிய தணிக்கை நிறுவனங்களில் நான்கைந்து ஆண்டுகள் உழைத்து, ஜனவரி முதல் மார்ச் வரையிலான பரபரப்பில் மூன்று நான்கு முறை மூச்சுத் திணறி எழுந்தவர்கள், 'மத்திய அரசின் புலனாய்வு அமைப்பு எதிலாவது தடயக் கணக்காளராகப் போய்விடலாமா' என்று யோசிக்கத் தொடங்கும்போது பெரும்பாலும் இந்த வேறுபாட்டைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள். அதே பேரேடு, அதே வங்கி அறிக்கை, அதே எக்செல். வேலை கொடுப்பவர் மட்டும் மாறுகிறார் என்று நினைக்கிறார்கள். உண்மையில் எல்லாவற்றுக்கும் முன்னால் மாறுவது கேள்வி.

தணிக்கையாளர் கேட்பது இது: இந்த நிதிநிலை அறிக்கைகளை மொத்தமாகப் பார்த்தால், அவற்றை நம்பி முடிவெடுக்கும் ஒருவரைத் தவறான வழியில் கொண்டுபோகும் அளவுக்குப் பெரிய பிழை எதுவும் இல்லை என்று நியாயமான அளவு உறுதியுடன் சொல்ல முடியுமா? இந்த ஒரு வாக்கியத்துக்குள்ளேயே எத்தனை தளர்வுகள் என்று எண்ணிப் பாருங்கள். 'மொத்தமாக', 'பெரிய', 'நியாயமான அளவு'. நூறு கோடி டாலர் விற்றுமுதல் உள்ள நிறுவனத்தில் சில லட்சம் டாலர் காணாமல் போனால், பல சமயம் அது தணிக்கையின் சல்லடைக் கண்ணுக்குக் கீழே விழுந்துவிடும். அதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. கட்டணத்துக்கும் கால அவகாசத்துக்கும் உட்பட்டு உலகம் ஒத்துக்கொண்ட ஏற்பாடு அது. எல்லா வவுச்சரையும் பார்ப்பதென்றால் தணிக்கைக் கட்டணம் கம்பெனியின் லாபத்தைத் தாண்டிவிடும்.

தடயக் கணக்காளருக்குக் கேள்வி வேறு. இந்த 4,200 டாலர் எங்கிருந்து வந்தது, யார் கையெழுத்தில் வெளியே போனது, கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது? முக்கியமற்ற தொகை என்று அவர் எதையும் ஒதுக்க முடியாது. திருடிய லட்சங்களைவிட, திருடிய பணத்தில் கட்டிய ஒரு மின்கட்டண ரசீதே சில நேரம் வழக்கை நிலைநிறுத்தும். ஒரு ரகசியக் கணக்கைக் குறிப்பிட்ட ஒரு மனிதரோடு முடிச்சுப் போடுவது அதுதான். மாதிரிச் சோதனைக்கும் அங்கே இடம் குறைவு. 22 ஆண்டு என்றால் 22 ஆண்டு வங்கி அறிக்கைகளும் வரி வரியாக.

இன்னொரு பெரிய மாற்றம், ஆவணம் யார் கை வழியாக வருகிறது என்பது. தணிக்கையாளர் வாடிக்கையாளர் அலுவலகத்தில் உட்கார்ந்து, வாடிக்கையாளரின் ஊழியர் எடுத்துத் தரும் கோப்பைப் பார்க்கிறார். அந்த ஊழியர்தான் காபியும் வாங்கித் தருகிறார். ஹைதராபாத் மென்பொருள் நிறுவனமான சத்யத்தின் விவகாரம் நம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். 2009 ஜனவரியில் அதன் தலைவர் ராமலிங்க ராஜு ஒப்புதல் கடிதம் எழுதியபோது, கணக்கில் காட்டியிருந்த வங்கி இருப்பில் பெரும்பகுதி இல்லவே இல்லை என்று தெரியவந்தது. சத்யத்தின் பங்குகள் நியூயார்க்கிலும் வர்த்தகமானதால் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையமான எஸ்இசி தன் விசாரணையை நடத்தியது. 2011 ஏப்ரலில் சத்யத்தின் தணிக்கையாளரான பிரைஸ் வாட்டர்ஹவுஸின் இந்திய அங்கங்கள் எஸ்இசிக்கு 60 லட்சம் டாலரும், தணிக்கை நிறுவனங்களைக் கண்காணிக்கும் வாரியத்துக்கு 15 லட்சம் டாலரும் அபராதம் கட்டின. எஸ்இசி சுட்டிக்காட்டிய குறைகளில் தலையாயது இது: வங்கி இருப்பை உறுதிசெய்யும் கடிதங்களை நேரடியாக அனுப்பி நேரடியாகப் பெறாமல், அந்தப் பொறுப்பைச் சத்யம் நிர்வாகத்திடமே விட்டுவிட்டார்கள். தபால்காரன் வேலையைக் குற்றவாளியிடமே கொடுத்தால் பதில் எப்படி இருக்கும்?

அமெரிக்க மத்திய அரசின் புலனாய்வில் அந்தக் கடிதத்துக்கு இடமே இல்லை. குற்றம் சாட்டப் போதிய ஆதாரம் உண்டா என்று ஆராயும் குடிமக்கள் குழுவான கிராண்ட் ஜூரியின் சம்மன் நேராக வங்கிக்குப் போகிறது. காசோலையின் இரண்டு பக்கங்களும், கணக்கு திறந்தபோது வாங்கிய கையெழுத்து அட்டையும், பணம் எடுத்த சீட்டுகளும் வங்கியிலிருந்து நேராக வருகின்றன. தணிக்கை நிறுவனத்திலிருந்து வருபவர்களை முதலில் அசத்துவது இந்த அதிகாரம்தான். அதற்கு விலையும் உண்டு. கிராண்ட் ஜூரி வழியாக வந்த தகவலை வெளியே பேசக்கூடாது. வரித் தகவல்களுக்கு இன்னும் கடுமையான தனிச்சட்டக் காப்பு இருக்கிறது. மதிய உணவில் சக ஊழியரிடம் வாடிக்கையாளரைப் பற்றிப் புலம்பிப் பழகியவர்களுக்கு இது சிரமமாக இருக்கும்.

அதிகாரம் இருந்தால் மட்டும் உண்மை வந்துவிடாது என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. பங்கு வாங்குவதாகச் சொல்லி வாடிக்கையாளர் பணத்தை ஏமாற்றிய நியூயார்க் நிதி மேலாளர் பெர்னி மேடாஃபின் நிறுவனத்தை எஸ்இசி அதிகாரிகள் ஒரு முறை அல்ல, பல முறை ஆராய்ந்தார்கள். ஹாரி மார்க்கோபொலஸ் என்ற நிதி ஆய்வாளர் 2000 முதலே எழுதி எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மேடாஃப் வாங்கியதாகச் சொன்ன பங்குகள் உண்மையிலேயே அவர் கணக்கில் இருக்கின்றனவா என்று பங்குகளை வைத்திருக்கும் மத்திய வைப்பு நிறுவனத்திடம் ஒழுங்காகக் கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கேட்கவில்லை. 2008 டிசம்பரில் அவர் கைதானபோது வாடிக்கையாளர் அறிக்கைகளில் இருந்த கற்பனைத் தொகை சுமார் 6,500 கோடி டாலர். அவருடைய தணிக்கையாளர் நியூயார்க்கின் புறநகரில் இருந்த மிகச் சிறிய நிறுவனம். அரசு அடையாள அட்டை கழுத்தில் தொங்குவதால் மட்டும் கண் கூர்மையாகிவிடுவதில்லை.

இந்தத் துறையின் குலதெய்வம் எது என்று கேட்டால் எல்லோரும் சிகாகோ கள்ளச்சாராய தாதா அல் கபோனின் வழக்கைத்தான் சொல்வார்கள். வருமான வரித் துறையான ஐஆர்எஸ்ஸின் குற்றப் புலனாய்வுப் பிரிவு 1919 ஜூலையில் தபால் துறையிலிருந்து அழைத்துவரப்பட்ட ஆறு ஆய்வாளர்களோடு தொடங்கியது. சட்டவிரோதமாகச் சம்பாதித்தாலும் அதற்கு வரி உண்டு என்று 1927இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு அவர்களுக்கு வழி திறந்தது. கபோன் தன் பெயரில் வங்கிக் கணக்கு வைத்துக்கொண்டதில்லை. ஃபிராங்க் வில்சன் என்ற அதிகாரி மாதக்கணக்கில் தேடிக் களைத்து, 1926இல் போலீஸ் சோதனையில் சிக்கி யாரும் சீண்டாமல் கிடந்த ஒரு சூதாட்ட விடுதியின் பேரேட்டைக் கண்டெடுத்தார். அதில் யார் பதிவு எழுதியிருக்கிறார்கள் என்று அறிய, வங்கிச் சீட்டுகளில் இருந்த கையெழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். எழுதியவரைத் தேடிப் பிடித்துச் சாட்சியாக்கினார். 1931 அக்டோபரில் கபோனுக்கு 11 ஆண்டுச் சிறை. துப்பாக்கிச் சண்டைகள் திரைப்படத்துக்கு உதவின; வழக்கை நிலைநிறுத்தியது பேரேடும் அதன் கையெழுத்தும்.

வருமானத்தை நேரடியாக நிரூபிக்க முடியாதபோது மறைமுகமாக நிரூபிக்கும் முறை ஒன்றும் அந்தக் காலத்திலிருந்தே வளர்ந்தது. ஆண்டின் தொடக்கத்தில் ஒருவரிடம் இருந்த சொத்து, முடிவில் இருக்கும் சொத்து, இடையில் செய்த செலவு ஆகியவற்றைக் கணக்கிட்டு, சொன்ன வருமானத்தைக் கழித்துவிட்டு, மிச்சத்துக்கு விளக்கம் கேட்பது. 1954இல் ஹாலண்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைச் சில எச்சரிக்கைகளோடு ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டு வாசகருக்கு இந்த முறையை விளக்கவே தேவையில்லை. 'வருமானத்துக்கு அதிகமாகச் சொத்துச் சேர்த்த வழக்கு' என்ற சொற்றொடரைச் செய்தித்தாளில் படித்துப் படித்துப் பழகியவர்கள் நாம்.

இன்றைய வேலை எப்படி இருக்கிறது என்று அறிய மினசோட்டா மாநிலத்து வழக்கைப் பார்க்கலாம். கொரோனாக் காலத்தில் ஏழைக் குழந்தைகளுக்கு உணவு வழங்கும் மத்திய அரசுத் திட்டத்தில், ஃபீடிங் அவர் ஃபியூச்சர் என்ற அமைப்பின் வழியாக 25 கோடி டாலர் அளவுக்குச் சுருட்டப்பட்டது என்று 2022 செப்டம்பரில் 47 பேர்மீது குற்றம் சாட்டினார்கள். வழங்காத உணவுக்குப் பட்டியல், இல்லாத குழந்தைகளின் பெயர்கள். குற்றப்பத்திரிகையில் கணக்காளர்களுக்கென்றே ஒரு வரி இருக்கிறது: குழந்தைகளின் வயது இருக்க வேண்டிய கட்டத்தில் 7க்கும் 17க்கும் இடையே ஏதோ ஓர் எண்ணைத் தானாகப் போட்டுக்கொள்ளும் எக்செல் சூத்திரம் இருந்தது. கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் பிள்ளைகளுக்கு வயது மாறிக்கொண்டிருந்திருக்கும். இந்த மாதிரி ஓட்டையைக் கண்டதும் புன்னகை வருகிறதென்றால், அந்த ஆள் இந்த வேலைக்குப் பொருத்தமானவர். அந்த வழக்கில் எஃப்பிஐயின் தடயக் கணக்காளர்கள் உணவுப் பணம் வீடுகளாகவும் கார்களாகவும் மாறிய பாதையை ஜூரியின் முன் விரித்துக் காட்டினார்கள்.

சாட்சிக் கூண்டு என்பதுதான் இந்த மாற்றத்தில் யாரும் எதிர்பாராத பகுதி. தணிக்கையாளர் எழுதும் பணித்தாளை மேலாளர் படிப்பார், தணிக்கை நிறுவனத்தின் பங்குதாரர் (பார்ட்னர்) படிப்பார், எப்போதாவது மேற்பார்வை வாரியம் படிக்கும். தடயக் கணக்காளர் எழுதுவதை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் படிப்பார். படித்து அவரைக் கிழிப்பதற்காகவே படிப்பார். சாட்சி சொல்லப்போகிறவர் முன்பு எழுதிய அறிக்கைகளை எதிர்த்தரப்பிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஜென்க்ஸ் சட்டம் சொல்கிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமாக எது கண்ணில் பட்டாலும் மறைக்கக்கூடாது என்பது 1963இன் பிரேடி தீர்ப்பு. ஓரத்தில் கிறுக்கிவைத்த 'இது சந்தேகமாக இருக்கிறது, பிறகு பார்க்கலாம்' என்ற குறிப்பு மூன்றாண்டு கழித்துக் கூண்டில் நிற்கும்போது திரும்பி வரும். சாட்சியின் சொந்த நேர்மையும் விசாரணைக்கு உரியதுதான். எப்போதோ வேலை நேரக் கணக்கைத் திருத்தி எழுதினார் என்று பதிவாகியிருந்தால், அதுவும் நீதிமன்றத்தில் கேள்வியாகலாம். மணிக்கணக்கைக் கூட்டியும் குறைத்தும் எழுதும் பழக்கம் தணிக்கை உலகில் எவ்வளவு சாதாரணம் என்று அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு விசித்திரம்: மோசடியைத் தேடுவதற்கென்றே சம்பளம் வாங்குபவர் 'இது மோசடி' என்று சொல்லக்கூடாது. குற்ற வழக்கில் நிபுணச் சாட்சி, குற்றவாளியின் மனநிலை பற்றி, அதாவது ஏமாற்றும் எண்ணம் இருந்ததா இல்லையா என்பது பற்றிக் கருத்துச் சொல்லக்கூடாது என்று சாட்சிய விதி 704(பி) தடுக்கிறது. அமெரிக்கச் சான்று பெற்ற கணக்காளர்களின் (சிபிஏ) சங்கம் 2020 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த தடயப் பணி விதிகளும் மோசடி நடந்ததா என்ற இறுதி முடிவை உறுப்பினர் சொல்லக்கூடாது என்கின்றன. பணம் இங்கிருந்து அங்கே போனது, இந்த நாளில், இந்தக் கையெழுத்தில் என்று சொல்லி நிறுத்திவிட வேண்டும். மிச்சத்தைச் சொல்ல வேண்டியவர்கள் ஜூரியில் உட்கார்ந்திருக்கும் 12 பேர். அவர்களில் ஒருவர் பள்ளி ஆசிரியராகவும், ஒருவர் லாரி ஓட்டுநராகவும், ஒருவர் ஓய்வுபெற்ற செவிலியராகவும் இருக்கலாம். ஆயிரக்கணக்கான பக்க வங்கி ஆவணங்களை அவர்களுக்குப் புரியும் ஒரே ஒரு வரைபடமாகச் சுருக்க விதி 1006 இடம் கொடுக்கிறது. அந்த ஒரு பக்கத்தைத் தவறில்லாமல் தயாரிப்பதுதான் இந்த வேலையின் உச்சம் என்பது என் எண்ணம். தணிக்கையில் நான்கு ஆண்டு கற்றதில் பாதியை மறக்க வேண்டியிருந்தாலும், ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஓர் ஆவணத்தைச் சேர்த்துவைக்கும் ஒழுக்கம் இங்கேதான் சோறு போடும்.

சரி, உள்ளே போவது எப்படி? வாசல்கள் பல. எஃப்பிஐயில் இரண்டு பாதைகள் உண்டு, இவற்றைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். சிறப்பு முகவர் என்பவர் துப்பாக்கி ஏந்தி, சோதனைக்குப் போய், கைது செய்பவர். 37 வயதுக்கு முன் சேர்ந்தாக வேண்டும், 57இல் கட்டாய ஓய்வு. 2009இல் தனிப் பதவியாக வகுக்கப்பட்ட தடயக் கணக்காளர் பணி வேறு. ஆயுதமில்லை, கைது அதிகாரமில்லை, அந்த வயது வரம்பும் இல்லை. ஐஆர்எஸ் குற்றப் புலனாய்வுப் பிரிவின் சிறப்பு முகவர்கள் இரண்டும் கலந்தவர்கள். கணக்கும் தெரிய வேண்டும், ஜார்ஜியா மாநிலத்துப் பயிற்சி மையத்தில் ஓடவும் சுடவும் கற்க வேண்டும். எஸ்இசியின் அமலாக்கப் பிரிவில் கணக்காளர்கள் இருக்கிறார்கள். அங்கே சிவில் நடவடிக்கைதான், சிறைக்கு அனுப்புவது நீதித் துறையின் வேலை. பெரும்பாலோர் கண்டுகொள்ளாத வாசல் ஒவ்வொரு துறையிலும் இருக்கும் தலைமை ஆய்வாளர் அலுவலகங்கள். 1978 சட்டத்தால் வந்தவை. மருத்துவக் காப்பீட்டு மோசடி, ராணுவ ஒப்பந்த மோசடி என்று வேலை குவிந்து கிடக்கும், போட்டி சற்றுக் குறைவு.

கணக்காளர் பதவிகளுக்கான பொதுத் தகுதி, கணக்கியலில் 24 செமஸ்டர் மணி நேரப் படிப்பு. இந்தியாவில் பி.காம். படித்துவிட்டுப் போனவர்கள் பட்டத்தை அங்குள்ள மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றிடம் கொடுத்துச் சமநிலைச் சான்று வாங்கியாக வேண்டும். ஏசிஎஃப்இயின் சிஎஃப்இ சான்றிதழ் இருந்தால் நல்லது. எஃப்பிஐயில் இருந்து வெளிவந்த ஜோசப் வெல்ஸ் 1988இல் தொடங்கிய அமைப்பு அது. ஆனால் சான்றிதழைவிட எடை அதிகம் உள்ளது அனுபவத்தை எழுதும் விதம். 'பல்வேறு தணிக்கைப் பணிகளைத் திறம்பட மேற்கொண்டேன்' என்று எழுதினால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். அறிவிப்பில் கேட்டிருக்கும் அனுபவம் என்ன, அதை எந்த வேலையில், எத்தனை மாதம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் செய்தீர்கள் என்பது வெளிப்படையாக இருக்க வேண்டும். முன்பெல்லாம் ஐந்தாறு பக்கம் எழுதுவார்கள். 2025இல் வந்த புதிய விதி இரண்டு பக்கத்துக்கு மேல் கூடாது என்கிறது.

நம்மவர்களுக்கு முதல் தடுப்புச் சுவர் குடியுரிமை. எச்-1பி விசாவில் தணிக்கை நிறுவனத்தில் வேலை பார்ப்பவருக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கும், பொதுவாக, இந்த வேலைகளில் வாசலே இல்லை. 1976ஆம் ஆண்டின் அதிபர் ஆணை முதல் அப்படித்தான். குடியுரிமை வாங்கியவர்களுக்கு அடுத்தது பின்னணி ஆய்வு. எஸ்எஃப்-86 என்ற படிவம் நூறு பக்கத்தைத் தாண்டும். எங்கெங்கே வாழ்ந்தீர்கள், யார் சாட்சி, வெளிநாட்டில் யார் யார் உறவு, அவர்களோடு எவ்வளவு தொடர்பு, அங்கே என்ன சொத்து என்று கேட்டுக்கொண்டே போகும். மதுரையில் அம்மா, யாழ்ப்பாணத்தில் சித்தப்பா, சென்னையில் கூட்டுப் பட்டாவில் கால் கிரவுண்ட் மனை என்று இருந்தால் எல்லாவற்றையும் எழுத வேண்டும். உறவு இருப்பது தடை இல்லை. மறைப்பதுதான் தடை. இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: வெளிநாட்டு வங்கிக் கணக்குகளில் ஆண்டின் எந்த நாளிலாவது மொத்தம் 10,000 டாலரைத் தாண்டினால் அமெரிக்க அரசுக்கு அறிவிக்க வேண்டும். ஊர் வங்கியில் வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ வைப்பை 'அது நம்ம பணம்தானே' என்று அறிவிக்காமல் விட்டவர், வரி ஏய்ப்பைத் துப்பறியும் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அது வெளியே வரும். எஃப்பிஐயில் இதற்கு மேல் பொய் கண்டறியும் கருவிச் சோதனையும் உண்டு. ஆக, அறிவிப்பு வந்த நாளிலிருந்து வேலையில் சேரும் நாள்வரை ஓர் ஆண்டு ஓடிவிடுவது அதிசயமில்லை. அதுவரை பழைய மேலாளரிடம் முகம் சுளிக்காமல் இருக்க வேண்டும்.

சம்பளம் பற்றிக் கேட்காமல் இந்தப் பேச்சு முடியாது. மத்திய அரசின் பொதுச் சம்பள அட்டவணையில் ஜிஎஸ்-13 தரத்தின் முதல் படிக்கு வாஷிங்டன் பகுதியில் 2024இல் ஆண்டுக்கு 1,17,962 டாலர். பெரிய நிறுவனத்தில் மேலாளராக இருப்பவருக்கு இது இறக்கம், பங்குதாரராகும் கனவில் இருப்பவருக்குச் சறுக்கல். முகவர் பதவிகளுக்கு 25 சதவீதக் கூடுதல் தொகை உண்டு, 20 ஆண்டு பணிக்குப் பின் 50 வயதிலேயே ஓய்வூதியமும் உண்டு. தனியாரில் ஓய்வூதியம் என்ற சொல்லே வழக்கொழிந்துவிட்ட நாட்டில் அது சின்ன விஷயமில்லை.

அரசு வேலையின் பெரிய கவர்ச்சியான பணிப் பாதுகாப்பைப் பற்றி முன்புபோல நிச்சயமாகப் பேச முடியவில்லை. 2025 ஜனவரியில் வேலைக்கு ஆளெடுப்பது நிறுத்தப்பட்டது. ஐஆர்எஸ்ஸில் புதிதாகச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர் பிப்ரவரியில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அக்டோபர் 1 முதல் 43 நாள் அரசே முடங்கிக் கிடந்தது. லட்சக்கணக்கான ஊழியர்கள் சம்பளமில்லாமல் காத்திருந்தார்கள். வாழ்நாள் முழுவதும் அரசில்தான் என்று நினைத்துப் போகிறவர்கள் ஒரு முறைக்கு இருமுறை யோசிப்பது நல்லது. ஐந்தாறு ஆண்டு கற்றுக்கொள்ளப் போகிறேன் என்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. ஏனென்றால் திரும்பி வரும் வழி அகலமானது. பெரிய தணிக்கை நிறுவனங்கள் அனைத்துக்கும் தடயப் பிரிவு இருக்கிறது, முன்னாள் அரசுக் கணக்காளர்களை அவை விரும்பி எடுத்துக்கொள்கின்றன, போனபோது இருந்ததைவிடக் கூடுதல் சம்பளத்தில்.

திரும்பும்போது ஒரே ஒரு சுமையை இறக்கிவைக்க முடியாது. அரசில் இருந்தபோது தான் நேரடியாகக் கையாண்ட வழக்கில், பிற்காலத்தில் வேறொருவர் சார்பாக அரசையோ நீதிமன்றத்தையோ அணுகி வாதாட மத்திய சட்டத்தின் பிரிவு 207 தடைவிதிக்கிறது. டிக்சனைப் போன்ற ஒரு வழக்கில் காசோலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்த கணக்காளர், பத்தாண்டு கழித்து எந்த நிறுவனத்தின் பங்குதாரராக இருந்தாலும், அந்த வழக்கில் எதிர்த்தரப்புக்காக அரசின் முன் வந்து நிற்க முடியாது. அந்தத் தடைக்குக் காலவரம்பு கிடையாது.